சிறுவர் சட்டமும் நம் பிள்ளைகளும்



தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர்க்குச் சட்டம் என்றவுடன் நினைவுக்கு வருவன ரேஷன் அட்டையும், வாடகைப் பத்திரமும், பள்ளிச் சேர்க்கையுமே. பிள்ளைகளுக்கென்று தனியே ஒரு நீதிமுறை இருக்கிறது என்பதும், அது நம் வீட்டு வாயிலுக்கும் ஒரு நாள் வரக்கூடும் என்பதும் நம் எண்ணத்தில் எழுவதில்லை. 'நம் பிள்ளை அப்படிப்பட்டவன் அல்லன்' என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம். நம்பிக்கை நல்லதுதான். ஆயினும், பிறமொழி வழங்கும் ஊரில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் காவல் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவனுக்காக நம்பிக்கை வாய் திறந்து பேசாது. மனிதர் ஒருவர்தாம் பேச வேண்டும். அப்படிப் பேசப் போய், நாம் அறிந்துகொண்ட ஒரு செய்தியைச் சொல்லவே இன்று உங்கள்முன் வந்திருக்கிறோம். அதற்கு முன் அந்தச் சட்டம் வந்த வழியைச் சிறிது பார்த்துவிடுவோம்.

குற்றம் செய்த சிறுவனைப் பெரியவர்களோடு சேர்த்து நடத்தலாகாது என்னும் கருத்து நம் நாட்டுச் சட்டத்தில் புகுந்து நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1850ஆம் ஆண்டின் தொழில் பயிலுநர் சட்டம், 10 வயது முதல் 18 வயது வரையுள்ள ஏழைப் பிள்ளைகளையும், சிறு குற்றம் செய்த பிள்ளைகளையும் ஒரு தொழிலாளியிடம் ஒப்படைத்துக் கைத்தொழில் கற்பிக்க வழி செய்தது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்றது. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குட்பட்ட குழந்தையாயின், தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி அதற்கு வாய்த்திருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நாள் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதீய நியாய சன்ஹிதை வந்தபின்னும் இவ்விரு விதிகளும் வயது மாறாமல் நிற்கின்றன. 'உணரும் முதிர்ச்சி' என்னும் இந்தச் சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அதனிடம் திரும்பி வருவோம்.

அதன் பின்னர்ச் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள் 1876லும் 1897லும் வந்தன. 1919-20இல் இந்தியச் சிறைகளை ஆராய்ந்த குழு, சிறுவர்களுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு விஷயம் இங்கே உண்டு. மாகாணங்களுள் முதன்முதலாகச் சிறுவர் சட்டம் இயற்றியது சென்னையே, ஆண்டு 1920. வங்காளம் 1922இலும், பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன.

ஆனால் மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் என்றால் மாகாணத்துக்கு மாகாணம் குழந்தைப் பருவம் என்றாகிவிடுமன்றோ? அப்படித்தான் ஆயிற்று. ஒரு மாநிலத்தில் 16 வயதோடு சிறுவன் பெரியவனானான். மற்றொன்றில் 18 வரை சிறுவனாகவே இருந்தான். சில இடங்களில் சட்டமே இல்லை. 1960ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் பாராளுமன்றம் இயற்றியதேயாயினும் யூனியன் பிரதேசங்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. ரயில் ஏறி எல்லை கடந்த பிள்ளையின் கதி, அவன் எந்த நிலையத்தில் இறங்கினான் என்பதைப் பொறுத்ததாக இருந்தது. ஷீலா பார்ஸே என்னும் பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், சிறுவர்களைச் சிறையில் அடைக்கலாகாது என்று வற்புறுத்தி, நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று கூறியது. அவ்வாண்டிலேயே சிறார் நீதிச் சட்டம் வந்தது. பையன்களுக்கு 16, பெண்களுக்கு 18 என்று அது வயதை வகுத்தது. ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் நம் நாடு 1992 டிசம்பரில் இணைந்தது. அதை ஒட்டி 2000ஆம் ஆண்டின் சட்டம் இருபாலர்க்கும் 18 என்று உயர்த்திற்று. இப்போது நடைமுறையில் உள்ளது 2015ஆம் ஆண்டின் சட்டம். 2016 ஜனவரி 15 முதல் அது வழங்கி வருகிறது.

மைய அரசில் மொழிபெயர்ப்பாளராகப் பணி செய்யும் நமக்கு இந்த வரலாற்றில் வயதைவிடச் சொற்களே கண்ணில் படுகின்றன. பழைய தமிழ் ஏடுகளில் 'இளங்குற்றவாளி' என்றுதான் எழுதுவார்கள். பிறகு 'இளஞ்சிறார்' வந்தது. இன்றைய சட்டத்தின் ஆங்கில வாசகத்தைத் தமிழில் 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை' என்கிறோம். கைது என்று சொல்லக்கூடாது. குற்றம் சாட்டப்பட்டவன் என்று சொல்லக்கூடாது. தண்டனை என்று சொல்லக்கூடாது. குழந்தை தொடர்பான நடவடிக்கைகளில் பழி சுமத்தும் சொற்களைப் பயன்படுத்தலாகாது என்பது இச்சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஒரு கொள்கையாகவே எழுதப்பட்டிருக்கிறது. சொல்லுக்கு இத்தனை மதிப்புக் கொடுத்த சட்டம் நம் நாட்டில் வேறு அதிகம் இல்லை.

ஆனால் சொல் மொழிக்கு மொழி தாவும்போது என்னவாகிறது என்று பாருங்கள். ஆங்கிலம், குழந்தைக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு முரண்பாடு ஏற்பட்டிருக்கிறது என்ற அளவில் நிற்கிறது. இந்தி வாசகமோ 'விதி கா உல்லங்கன் கர்னே வாலா பாலக்' என்கிறது. அதாவது, சட்டத்தை மீறுகிற சிறுவன். விசாரணை முடியுமுன்பே அவன் மீறியவனாகிவிடுகிறான். தமிழும் பெருமை கொள்வதற்கில்லை. 'முரண்பட்ட' என்பதைக் கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு முரண்டு பிடிக்கும் பிள்ளைதான் நினைவுக்கு வருவான். விசாரணைக் காலத்தில் பிள்ளைகள் தங்கும் இடத்துக்குக் 'கூர்நோக்கு இல்லம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கூர்ந்து நோக்குவது என்றால் பரிவோடு பார்ப்பதா, முறைத்துப் பார்ப்பதா என்று நாம் அடிக்கடி ஐயுறுவதுண்டு. மக்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அவர்கள் 'சீர்திருத்தப் பள்ளி' என்றும், இன்னும் வெளிப்படையாகச் 'சின்னப் பசங்க ஜெயில்' என்றும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சரி, 2015இல் சட்டம் ஏன் மாறியது? 2012 டிசம்பர் 16 இரவு டில்லியில் ஓடும் பேருந்தில் ஓர் இளம் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை நாம் விவரிக்க வேண்டியதில்லை. அவள் இறந்தாள். அந்த அறுவரில் ஒருவனுக்கு 18 நிறையச் சில மாதங்கள் இருந்தன. அன்றைய சட்டப்படி அவனுக்கு விதிக்கக்கூடியதெல்லாம் சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டு. நாடு கொதித்தது. நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் அளித்த அறிக்கையில் வயதைக் குறைக்கப் பரிந்துரை செய்யவில்லை. அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றமும் 18 என்னும் எல்லையை நிலைநிறுத்தியது. புதிய மசோதாவை ஆராய்ந்த பாராளுமன்ற நிலைக்குழுவும் 16க்கு மேற்பட்டோரைப் பிரித்து நடத்துவதை ஏற்கவில்லை. இருந்தும், அந்த இளைஞன் 2015 டிசம்பரில் விடுதலையானபோது எழுந்த அலையில், அம்மாதம் 22ஆம் நாள் மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது.

இதைக் குறை கூறுவோர் பலர். நாம் முழுவதும் அவர்கள் பக்கம் நிற்க இயலாது. மகளை இழந்த பெற்றோர், 'மூன்றாண்டில் எல்லாம் முடிந்ததா?' என்று கேட்டால் அந்தக் கேள்வியைப் பழியுணர்ச்சி என்று ஒதுக்குவது மனிதத் தன்மையன்று. ஆனால் அலையில் செய்த சட்டத்தில் ஒரு குணம் வந்துவிடுகிறது: ஒரு பயங்கர வழக்கை மனத்தில் வைத்து எழுதியது, வேறு ஆயிரம் வழக்குகளுக்கும் பொருந்த வேண்டியிருக்கிறது. 2022ஆம் ஆண்டில் நாட்டில் சிறார்மீது பதிவான வழக்குகள் 30,555. நாட்டில் பதிவான எல்லா வழக்குகளோடும் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அவர்களிற் பெரும்பாலோரைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை.

புதிய சட்டம் வயதைக் குறைக்கவில்லை. ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றம் என்றால், 16 நிறைந்து 18 நிறையாத பிள்ளையைச் சிறார் நீதி வாரியம் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். அக்குற்றத்தைச் செய்யும் உடல் வன்மையும் மன வன்மையும் அவனுக்கு இருந்தனவா, அதன் விளைவை உணரும் ஆற்றல் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் அது நடந்தது என்று பார்த்து, அவனைப் பெரியவனைப் போல் விசாரிக்கலாம் என்று வாரியம் கருதினால் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றலாம். அங்கே மரண தண்டனையோ, விடுதலைக்கே இடமில்லாத ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாது. 21 வயது வரை அவன் 'பாதுகாப்பான இடம்' என்று பெயரிட்ட இல்லத்திலேயே இருப்பான்; அதன்பின் அவனை மறுபடி மதிப்பிட்டு, விடுவிப்பதா, சிறைக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள்.

1860இன் அந்தச் சொல் திரும்பி வந்துவிட்டதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். விளைவை உணரும் ஆற்றல்! அன்று ஏழு வயதுக் குழந்தையைக் காக்க எழுதியது. இன்று பதினாறு வயதுப் பிள்ளையின் கதியைத் தீர்மானிக்க வந்திருக்கிறது. ஒருவன் மனத்தில் அந்த நேரத்தில் என்ன இருந்தது என்பதைச் சில மாதங்கள் கழித்து ஓர் அறையில் உட்கார்ந்து அளக்க வேண்டும். எந்த அளவுகோலால் அளப்பது? பேச்சால்தான். அவன் பேசுவதைக் கேட்டுத்தான்.

இனி, நாம் சொல்ல வந்த செய்தி. நாம் வசிக்கும் நகரத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தப் பையனின் பெயர், ஊர், பெற்றோர் எதையும் சொல்லப் போவதில்லை. சட்டத்தின் 74ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, தடுக்காவிட்டாலும் சொல்லோம். தெருச் சண்டையொன்றில் இரும்புக் கம்பியால் தலையில் அடிபட்டு ஒருவர் மூன்றாம் நாள் இறந்தார். தமிழ்ப் பையன் ஒருவனை அழைத்துப் போனார்கள். வந்து சில மாதங்களே ஆகியிருந்தபடியால் அவனுக்கு அந்த ஊர் மொழி காய்கறி வாங்கும் அளவுக்கு மேல் தெரியாது. அவனை மதிப்பிட வந்த மனநல மருத்துவர் அம்மையார், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அக்கம்பக்கத்துத் தமிழர் மூலமாக நமக்குச் செய்தி வந்தது. அலுவலகத்தில் அனுமதி பெற்றுச் சென்றோம்.

வாரியம் கூடும் இடம் நீதிமன்றம் போல இல்லை. கூண்டு இல்லை, உயர்ந்த மேடை இல்லை. விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. ஒரு சாதாரண அறை, மேசை, நாற்காலிகள், சுவரில் பள்ளிப் பிள்ளைகள் வரைந்தது போன்ற இரண்டு படங்கள். பையன் நம்மைக் கண்டவுடன் எழுந்து நின்றான். தமிழில் 'உக்காரு தம்பி' என்றதும் அவன் முகத்தில் வந்த மாற்றத்தை நாம் வருணிக்கப் போவதில்லை. வெளியூரில் முதன்முதல் தமிழ்க் குரல் கேட்ட நாளை நினைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

அம்மையார் இந்தியில் கேட்டார். நாம் தமிழில் கேட்டோம். சிறுவயது, பள்ளியை நிறுத்திய காரணம், அப்பாவின் குடி, தூக்கம், கனவு என்று ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு முக்கியமான கேள்வி வந்தது. அப்படித் தலையில் அடித்தால் ஆள் இறந்துபோகக்கூடும் என்பது உனக்கு 'மாலூம் தா?' என்றார். நாம் அவனிடம், 'அப்படி அடிச்சா செத்துப்போவாங்கன்னு தெரியுமா?' என்றோம். 'தெரியுங்க' என்றான். நாம் அம்மையார் பக்கம் திரும்பி, 'மாலூம் தா' என்றோம். அவர் எழுதிக்கொண்டார். நமக்கு முன்பு மொழிபெயர்த்தவரும் அப்படியே சொல்லியிருந்தபடியால் அவருடைய ஐயமும் தீர்ந்தது. விடைபெற்று வந்தோம்.

பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. இந்தியில் 'மாலூம் தா' என்றால் அப்போது தெரிந்திருந்தது. 'மாலூம் ஹை' என்றால் இப்போது தெரியும். நம் தமிழில் பேச்சு வழக்கில் இரண்டுக்கும் 'தெரியும்' ஒன்றேதான். காலத்தைக் காட்டாத வினை அது. இலக்கணம் படித்தவர்கள் அறிவார்கள். அம்மையார் கேட்டது இறந்தகாலத்தை. நாம் தமிழில் கேட்டதில் காலம் நழுவிவிட்டது. அவன் எந்தக் காலத்தை எண்ணித் 'தெரியுங்க' என்றானோ, யாருக்குத் தெரியும்? நாமோ நம் விருப்பம்போல் இறந்தகாலத்தை அதில் ஒட்டிக் கொடுத்துவிட்டோம். போதாக்குறைக்கு, பெரியவர்கள் எதைக் கேட்டாலும் 'ஆமாங்க', 'சரிங்க', 'தெரியுங்க' என்று சொல்லிப் பழகிய பிள்ளை. அது விடையன்று, மரியாதை. கலைப் பட்டம் பெற்று, இருபது ஆண்டு அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்த்து, ஓர் உம்மைத் தொகைக்காக மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறோம். ஒரு பிள்ளையின் வாழ்வு தொங்கும் இடத்தில் காலத்தைத் தவற விட்டோம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்துப் பிழையைச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. மறுபடியும் வரச் சொன்னார். இம்முறை நாம் மெல்ல, 'அன்னைக்கு, அந்த நேரத்துல, அடிக்கிறதுக்கு முன்னாடி, இது மனசுல இருந்துச்சா? இல்லே, பின்னாடிதான் தெரிஞ்சுதா?' என்று கேட்டோம். நெடுநேரம் அவன் பேசவில்லை. பிறகு, 'அப்ப ஒண்ணும் நெனைக்கலைங்க. அவரு போயிட்டாருன்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க. அப்பத்தாங்க...' என்று நிறுத்திக்கொண்டான். அம்மையார் அவன் சொன்னதை அப்படியே தமிழில் நம்மை எழுதச் சொல்லி, அதன்கீழ் இந்தியிலும் எழுதி, முதல் நாள் பதிலையும் நீக்காமல் இரண்டையும் தம் அறிக்கையில் சேர்த்தார்.

இதனால் அவன் குற்றமற்றவன் ஆகிவிடவில்லை. அதை நாம் சொல்ல வரவில்லை. ஒருவர் இறந்திருக்கிறார், அவருக்கும் ஒரு வீடு உண்டு, அந்த வீட்டில் அழுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் உண்மைதான் வேண்டும். காலம் மாறிய வினைச்சொல் அன்று.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்ட வேண்டும். பாலியல் குற்றங்களுக்கு ஆளான குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தை எப்படிச் சொன்னதோ அப்படியே வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கட்டணம் கொடுத்து அழைத்துக்கொள்ளலாம் என்றும் தனியே வகை செய்கிறது. சட்டத்துடன் முரண்பட்ட குழந்தையின் முதற்கட்ட மதிப்பீட்டுக்கு இப்படி ஒரு வாசகம் சட்டத்தில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் காவல்துறை அழைத்துவரும்போதே பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளர் உதவி அளிக்க வேண்டும் என்கின்றன. அது நல்ல விதி. ஆனால் மதிப்பீட்டு அறிக்கையில் பிள்ளையின் சொந்த மொழிச் சொற்களும் இடம்பெற வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? மேல்முறையீட்டில் வேறொருவர் படித்துச் சரிபார்க்க முடியுமே. இன்று மேல்நீதிமன்றத்துக்குப் போவது பெரும்பாலும் மொழிபெயர்ப்பின் நிழல்தான். சட்டச் சீர்திருத்தம் என்றால் 16ஆ 18ஆ என்ற வழக்கிலேயே நம் ஆற்றல் எல்லாம் செலவாகிவிடுகிறது. இந்த ஒரு வரிக்கு ஊர்வலம் போவாரில்லை.

மதிப்பீடு எளிதன்று என்பதை உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. குருகிராம் பள்ளி மாணவன் கொலை வழக்கில் 2022 ஜூலையில் அளித்த தீர்ப்பில், வாரியத்தில் குழந்தை உளவியல் அல்லது உளமருத்துவம் கற்ற உறுப்பினர் இல்லையாயின் நிபுணர் உதவியைப் பெற்றே தீர வேண்டும் என்றது. சட்டத்தில் 'பெறலாம்' என்றிருந்ததைப் 'பெற வேண்டும்' என்று படித்தார்கள். 2023இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நல்லதே. ஆனால் மாவட்டத் தலைநகரங்களில் அத்தகைய நிபுணர் எத்தனை பேர்? அவர்களுள் வேற்று மொழிப் பிள்ளையின் பேச்சு அறிந்தவர் எத்தனை பேர்?

ஆள் பற்றாக்குறை இத்துறையின் பழைய நோய். வாரியம் என்பது ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளரும் கொண்டது. அவ்விருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் பிள்ளையின் வீடு, பள்ளி, நட்பு, வறுமை எல்லாவற்றையும் விசாரித்துச் சமூக ஆய்வு அறிக்கை தர வேண்டும். இந்த இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன என்று சம்பூர்ணா பெஹுரா என்பவர் 2005இல் உச்ச நீதிமன்றம் சென்றார். 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. காலியிடங்களை நிரப்புங்கள், பயிற்சி அளியுங்கள் என்று. தொடுத்தபோது ஐந்து வயதாயிருந்த குழந்தை, தீர்ப்பு வந்தபோது பதினெட்டைத் தொட்டு இச்சட்டத்தின் எல்லையைக் கடந்துவிட்டது.

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு நன்னடத்தை அலுவலரின் அறிக்கையிலும் ஓர் இடர் உண்டு. பையனின் பள்ளி சேலத்துப் பக்கமோ விழுப்புரத்துப் பக்கமோ இருக்கிறது. பாட்டி அங்கே இருக்கிறாள். அவன் நல்ல பிள்ளை என்று சொல்லக்கூடிய வாத்தியாரும் அங்கேதான். அலுவலர் காண்பது நகரத்தின் ஓரத்துக் குடிசையும், வேலைக்குப் போய்விட்ட தாயும், பூட்டிய கதவும் மட்டுமே. அறிக்கையில் 'கண்காணிப்பு இல்லை' என்று எழுதிவிடுவார். எழுதுவது பொய்யும் அன்று.

வயதுக் கணக்கிலும் இப்படியே. 94ஆம் பிரிவு, முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையேல் நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை என்று வரிசை வகுக்கிறது. எலும்புச் சோதனை துல்லியமானதன்று. ஒன்றிரண்டு ஆண்டு முன்பின் ஆகலாம். ஆனால் 16க்கும் 18க்கும் இடையே நிற்கும் பிள்ளைக்கு ஓராண்டு என்பது ஓர் ஆயுள். நம் பள்ளிப் பதிவுகளின் கதை உங்களுக்குத் தெரியும். ஐந்து வயது நிறைந்ததாகக் காட்ட வேண்டி, தலைமையாசிரியர் கைவந்தபடி ஜூன் மாதத் தேதியைப் போட்டுவிடுவார். பாதி ஊர் ஜூனில் பிறந்ததாகப் பதிவாகியிருக்கும். விளையாட்டுப் போலச் செய்த அந்தத் தேதியும் ஒரு நாள் சாட்சி சொல்ல வரும். ஊரை விட்டுக் கிளம்பும்போது பானை சட்டியோடு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்லுவது இதனால்தான்.

உங்கள் அக்கம்பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால் அறிந்திருக்க வேண்டியவை சில. பிள்ளையைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக்கூடாது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வாரியத்தின்முன் நிறுத்த வேண்டும். விலங்கு பூட்டலாகாது. எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக்கூடாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் வக்கீல் உதவி இலவசம். மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது பிச்சை கேட்பதன்று. 1098 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம். இறுதி உத்தரவு ஆனபிறகு, பிள்ளையின் நன்மைக்கு ஏற்றதாயின், அவனைச் சொந்த மாவட்டத்து வாரியத்துக்கு மாற்றும்படி 95ஆம் பிரிவின்கீழ் கேட்கலாம். இதை அறியாமல், தாய் ஓர் ஊரிலும் பிள்ளை ஆயிரம் மைலுக்கு அப்பால் மற்றோர் ஊரிலுமாகக் காலம் கழிந்துவிடக்கூடும். அன்றியும், இச்சட்டத்தின்படி நடந்து முடிந்த வழக்கு பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ தடையாகலாகாது என்பது பொது விதி; பெரியவனைப் போல் விசாரிக்கப்பட்டவனுக்கு மட்டும் அது பொருந்தாது.

அந்தப் பையனின் வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. இரண்டாம் நாள் வெளியே வந்தபோது அவன் தாயார் தாழ்வாரத்தில் காத்திருந்தார். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். அன்றைக்கு நான்கு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு நெகிழிப் பை. அதற்குள் வாரியத்திலிருந்து அதுவரை கொடுத்த காகிதங்கள் எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒன்றுகூட அவருக்குப் படிக்கத் தெரியாது. யாரும் படித்துச் சொன்னதும் இல்லை. 'இதுல என் பையனைப் பத்தி என்னய்யா எழுதியிருக்காங்க?' என்றார். படிக்கட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் காகிதத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துச் சொன்னோம். முடிக்க மாலை ஐந்து மணி ஆயிற்று.